ஆகட்டுங்க என்ற பாதி வார்த்தை

எங்கள் சபையிலிருந்து ஓர் இளம் தம்பதி ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகிறார்கள். அவர்களை வழியனுப்பும் மலருக்கு "வெளிநாட்டு ஊழியத்தில் கற்ற ஆவிக்குரிய பாடங்கள்" என்று ஒரு கட்டுரை வேண்டும் என்று வாலிபர் சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வெளிநாடு போனதே இல்லை. மேற்கே பாலக்காடு, கிழக்கே சேலம், அவ்வளவுதான் நான் பார்த்த உலகம். அதைச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்த ஒருவருடன் பதினாறு வருஷம் வேலை பார்த்தீர்களே, அது போதும் என்றார். பத்துப் பாடங்களாக இருந்தால் அச்சுக்கு வசதி என்றும் சொல்லிவைத்தார்.

நான் "ஆகட்டுங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே திரும்பி வந்து, "அம்மா, எழுதறீங்களா, இல்லீங்களா? ஒளிவு மறைவில்லாமச் சொல்லிருங்க" என்றார். அவர் இரண்டாவது தடவை வந்து கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என்னிடம் பத்துப் பாடங்கள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதையும் படித்து முடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் அப்பா தாராபுரம் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். விடுதியில் தங்கிப் படித்தேன், வெளியூரில் நர்ஸ் பயிற்சியும் பிரசவப் பயிற்சியும் முடித்தேன். ஊசியைக் கொதிக்க வைப்பதும், இங்கிலீஷில் திட்டு வாங்குவதும் அங்கே கற்றவை. ஐம்பதுகளின் கடைசியில் திருப்பூரில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். அப்போதெல்லாம் ஜின்னிங் பேக்டரிப் பெண்கள் தலைமயிரில் பஞ்சு ஒட்டியபடியே வலியோடு வந்து படுப்பார்கள். அதை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவோம்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பு மிஸ் ஹெலன். ஸ்காட்லாந்துக்காரர். நல்ல உயரம், வெயிலில் தக்காளி நிறமாகிவிடும் முகம். ஊர்ஜனங்கள் அவரை எலனம்மா என்றார்கள். குழந்தைகளின் வாயில் அது எளநியம்மா ஆகிவிட்டது. அர்த்தம் கேட்டார், சொன்னேன். தனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே இதுதான் உயர்ந்தது என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் இரண்டு வருஷம் வாத்தியார் வைத்துப் படித்தவர். என்னைவிடப் பிழையில்லாமல் எழுதுவார். ஆனால் பேசினால், "தாங்கள் நேற்று உணவு உட்கொண்டீர்களா?" என்பார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா பொஸ்தகமாட்டப் பேசுதுங்க" என்பார்கள். அவர்கள் திருப்பிப் பேசுவது இவருக்குப் பிடிபடாது. "போகோணும்", "ஊட்டுக்கு", "ஏனுங்க" என்றெல்லாம் வந்து விழும்போது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார். அதனால் நர்ஸ் வேலையோடு அவருக்கு நாக்காக இருப்பதும் என் வேலை ஆயிற்று. எனக்கு அதில் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் கிராமங்களுக்குப் போவோம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட வேண்டும், காய்ச்சினதா என்று கேட்கக் கூடாது. பிறகு மடியில் ஒரு நீல அட்டை நோட்டை விரிப்பார். பெண்ணின் பெயர், எத்தனையாவது பிரசவம், எத்தனையாவது மாதம், நாங்கள் சொன்ன ஆலோசனை என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் பென்சிலைக் கீழே வைப்பார். நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பென்சிலை எடுத்தால் நான் பேச்சை நிறுத்திவிட வேண்டும். நோட்டின் கடைசிக் கட்டம் மிகச் சிறியது. அதில் ஆம் அல்லது இல்லை என்பதற்கு ஓர் எழுத்து போட மட்டும் இடம் விட்டிருந்தார்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அந்தச் சின்னக் கட்டம் போதாது. வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னதற்கெல்லாம் "ஆகட்டுங்க" என்பார்கள். அதற்குச் சரி என்றும் அர்த்தம் உண்டு. பார்க்கலாம் என்றும் உண்டு. கேட்டுக்கொண்டோம், நீங்கள் புறப்படலாம் என்றும் உண்டு. எந்த அர்த்தம் என்பது அன்றைக்குத் தெரியாது. கேட்டவர் நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும். அப்போதுதான் வீட்டார் மனத்தில் இருப்பதைச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு அழைப்பதானாலும், காடு தோட்டம் குத்தகைக்குக் கேட்பதானாலும் அப்படித்தான். அது பாதி வார்த்தை. மீதிப் பாதியைக் கேட்டவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

முதல் சில மாதம் நான் யோக்கியமாகத்தான் மொழிபெயர்த்தேன். "பார்க்கலாம் என்கிறார்கள், மறுபடி வந்து கேட்க வேண்டும்" என்பேன். மிஸ் ஹெலனுக்கு அது பிடிக்கவில்லை. பென்சிலைக் கட்டத்தின் மேல் தட்டிக்கொண்டு, ரூபி, இது பதில் இல்லை, ஆமா இல்லையா என்று கேள் என்பார். அந்த வயதில் பெரியவர்களைப் பார்த்து அப்படி மடக்கிக் கேட்க எனக்குக் கூசியது. உள்ளதை உள்ளபடி சொல்லாதது பாவம் என்று ஜீப்பில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும்.

பிறகு ஒருநாள் அவரே ஒரு கண்டுபிடிப்பு செய்தார். ஆமென் என்றால் "அப்படியே ஆகட்டும்" என்று மலையில் அவருடைய தமிழ் வாத்தியார் சொல்லித் தந்திருக்கிறார். "ரூபி, இவர்கள் சொல்வது அதுதான்! ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு ஆமென் சொல்கிறார்கள்!" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இல்லை அம்மா, அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அன்றுமுதல் ஆகட்டுங்க என்ற வார்த்தை வந்தால் நான் "யெஸ்" என்றேன், அவர் கட்டத்தில் எழுத்தைப் போட்டார். ஜீப்பில் பாடமும் நின்றது. பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏனென்றால் நாலைந்து நாள் கழித்து நானே அந்தப் பக்கம் போகும் சாக்கில் அந்த வீட்டுக்குப் போய், மீதிப் பாதியை வாங்கி வந்துவிடுவேன். அது அவருக்குத் தெரியாது.

நெருப்பெரிச்சல் கிராமத்தில் நாச்சம்மாள் வீட்டுக்கு நாங்கள் போனது அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். மகன் பொன்னுச்சாமி டவுனில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். மருமகள் பழனியம்மாளுக்கு இருபத்திரண்டு வயதுதான். அதற்குள் இரண்டு பிரசவம். இரண்டிலும் நாள் கணக்கில் வலியெடுத்துப் பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. இப்போது மூன்றாவது. மிஸ் ஹெலன் அளவெடுத்துப் பார்த்தார். இடுப்பெலும்பு குறுகல். வலி வரும்வரை வீட்டில் வைத்திருந்தால் தாயும் பிழைக்க மாட்டாள் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். வழியும் சொன்னார். சித்திரையில் இரண்டாவது திங்கட்கிழமை அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பி ஆபரேஷன் செய்துவிடலாம். அங்கே டாக்டரிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது.

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். பழனியம்மாள் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் என்ற வார்த்தைக்கு அவள் பயப்படவில்லை. இந்தப் பிள்ளை உயிரோடு இருக்குமா என்று மட்டும் என்னிடம் கேட்டாள். இருக்கும் என்றேன். நாச்சம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, மிஸ் ஹெலனைப் பார்த்து, "ஆகட்டுங்க" என்றார்.

மிஸ் ஹெலன் பென்சிலை எடுத்து என்னைப் பார்த்தார். நான் யெஸ் என்றேன்.

வழக்கம்போல நாலைந்து நாளில் நான் மட்டும் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மிஸ் ஹெலன் கோடைக்குக் கோத்தகிரி போனார், ஜீப்பும் டிரைவரும் அவரோடு போய்விட்டார்கள். நாலு மைல் வெயிலில் நடப்பதற்குச் சோம்பல். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்தத் திங்கட்கிழமையும் வந்தது, பழனியம்மாள் வரவில்லை. அன்றாவது ஓடியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வேறு ஓர் ஆசை வந்து குறுக்கே நின்றது. தாராபுரத்தில் மூன்று நாள் பெண்கள் மாநாடு. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையாரின் பிரசங்கத்தை மேடையில் நின்று தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்நூறு பேர், மைக், என் பெயரும் நோட்டீஸில் உண்டு. அப்பாவும் வந்து முன்வரிசையில் உட்காருவார். இரண்டு மூன்று நாள் பிந்தினால் என்ன, யெஸ் என்று நோட்டில் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் கற்றுக்கொடுத்த பொய்யை அந்த நோட்டு எனக்கே திருப்பிச் சொன்னது, நானும் நம்பினேன்.

மாநாட்டில் நன்றாகப் பேசினேன். அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. பலர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் மாடு பூட்டாத வண்டி ஒன்று நின்றது. வைக்கோலின் மேல் ஜமக்காளம் விரித்திருந்தது. புதன்கிழமை விடியற்காலையில் வலி கண்டிருக்கிறது. நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, வியாழன் காலையில் வண்டி கட்டியிருக்கிறார்கள். எங்களிடம் இருந்த மற்றொரு நர்ஸ் கோயம்புத்தூர் போக வாடகைக் கார் தேடி ஆள் அனுப்பியிருந்தாள். கார் வந்தபோது நான்தான் பழனியம்மாளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கூடவே உட்கார்ந்தேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. அவிநாசி தாண்டுவதற்குள் கை சில்லிட்டுவிட்டது. பிள்ளை அதற்கு முன்பே போயிருந்தது.

மிஸ் ஹெலனுக்குத் தந்தி கொடுத்தோம். இரண்டாம் நாளே மலையிலிருந்து இறங்கிவிட்டார். முதலில் நீல நோட்டைத்தான் எடுத்தார். அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து, யெஸ் என்றுதானே சொன்னார்கள், ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா, அந்த வார்த்தைக்கு யெஸ் என்று அர்த்தமில்லை, நான் திரும்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை என்று ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்திருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம்கூட எனக்கு இல்லை. அவர் பார்வையில் சின்னவளாகிவிடுவேனே என்ற பயம்தான். தெரியவில்லை, மனசு மாறிவிட்டார்கள் போல என்றேன்.

காரியம் முடிந்த மறுநாள் நெருப்பெரிச்சலுக்குப் போனோம். நாச்சம்மாள் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொன்னுச்சாமி மொட்டைத் தலையோடு சுவரோரம் நின்றார். எங்களைப் பார்த்ததும் நாச்சம்மாள் எழுந்து, அந்தத் துக்கத்திலும், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மிஸ் ஹெலன் தண்ணீரை வாங்கவில்லை. பதினாறு வருஷத்தில் அந்த ஒரு வீட்டில், அந்த ஒரு நாள்தான் அவர் தண்ணீரை மறுத்தது. எனக்காகக் காத்திருக்காமல், தன் புத்தகத் தமிழிலேயே நாச்சம்மாளைப் பார்த்துப் பேசினார்.

"நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யினால் அந்தப் பெண் இறந்தாள்."

நாச்சம்மாள் மிஸ் ஹெலனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, நாங்க என்ன பொய் சொன்னோம்? நீ கூடத்தானே இருந்தே. நீ சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்று மிஸ் ஹெலன் இங்கிலீஷில் என்னிடம் கேட்டார்.

என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மொழிபெயர்த்திருப்பேன். எது மறந்தாலும் அன்றைக்கு நான் சொன்னது மறக்காது. "தவறு செய்துவிட்டதாக வருத்தப்படுகிறார்" என்றேன்.

மிஸ் ஹெலனின் முகம் இளகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் கடுமையானவர்தான், கல்நெஞ்சுக்காரர் அல்ல. நாச்சம்மாளின் தோளில் கையை வைத்து, "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று சொன்னார். மருமகளைப் பறிகொடுத்துவிட்டு நின்ற அந்த அம்மாள், தான் சொல்லாத பொய்க்காக, தான் கேட்காத மன்னிப்பை வாங்கிக்கொண்டு நின்றார். தோளில் இருந்த அந்த வெள்ளைக் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிஸ் ஹெலனிடம், "ஆகட்டுங்க" என்றார்.

மிஸ் ஹெலனுக்கு அது ஆமென் என்று கேட்டது. ஜீப்பில் வரும்போது எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணினார்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த வருஷங்களில் எத்தனையோ பிரசவம் பார்த்தோம், எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றினோம். மலரில் போட அவைதான் பொருத்தம் என்று செயலாளர் நினைத்திருப்பார். எனக்கு அந்தப் பேர்களெல்லாம் மறந்துவிட்டன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் அதன்பிறகு ஆகட்டுங்க என்ற வார்த்தைக்கு யெஸ் சொல்லவில்லை. மறுபடி வந்து கேட்க வேண்டும் என்றே சொன்னேன். மிஸ் ஹெலன் பென்சிலைத் தட்டவில்லை. இந்த ஜனங்கள் பொய் சொல்லக்கூடியவர்கள், ரூபி இப்போது ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். என் திருத்தம்கூட அவர்கள் பேரில்தான் பழியாக விழுந்தது.

எழுபதுகளில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பினார். ஸ்டேஷனில் நூறு பெண்களாவது வந்து அழுதார்கள். ஒரு வருஷம் கழித்து அவருடைய ஊர்ச் சபையின் பத்திரிகை ஒன்று தபாலில் வந்தது. இந்தியாவில் தான் கற்ற ஆவிக்குரிய பாடங்களைப் பற்றி அவர் எழுதியிருந்தார். செயலாளர் கொடுத்த தலைப்பைக் கேட்டு எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அன்பான ஜனங்கள், ஆனால் அவர்களுடைய ஆம் என்பதை நம்ப முடியாது என்று எழுதி, ஒரு மாமியாரின் பொய்யினால் ஓர் இளம்பெண் செத்ததையும், அந்த மாமியார் மனம் வருந்தியதையும், தான் மன்னித்ததையும் விவரித்திருந்தார். மன்னிப்பதே தான் இங்கே கற்ற பெரிய பாடம் என்று முடித்திருந்தார். நான் வாயால் சொன்ன பொய், கடல் தாண்டிப் போய், அங்கே பிரசங்கமாகிவிட்டது.

அன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வார்த்தையின் அர்த்தம், தாராபுரம், வாசலில் நான் மாற்றிச் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு நீல ஏர்லெட்டர் வந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உடனே அந்த அம்மாளிடம் போ, அவர் பாஷையில் சொல், என் சார்பிலும் மன்னிப்புக் கேள் என்று எழுதியிருந்தார். கடைசியில், அவர் மன்னித்தாரா என்று எனக்கு எழுது, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது, எனக்கு வயதாகிவிட்டது என்று இருந்தது.

நெருப்பெரிச்சலுக்கு அப்போது பஸ் விட்டிருந்தார்கள். பொன்னுச்சாமி மறுகல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டிருந்தார். நாச்சம்மாள் வாசல் நிழலில் உட்கார்ந்து, குவித்துப் போட்ட பனியன்களில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். பார்த்த உடனே தெரிந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்தேன். பிறகு சொன்னேன். அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியை நான் எப்படி மாற்றிச் சொன்னேன் என்பதைச் சொன்னபோது மட்டும் கத்தரி நின்றது.

"அந்தம்மா ஏன் மன்னிக்கறேன்னாங்கன்னு இத்தனை நாளா எனக்கு வெளங்கல" என்றார்.

கத்தரியை மறுபடி ஓட்டிக்கொண்டே பேசினார். "நான் மாட்டேங்கல அம்மிணி. நீ கூப்புட வருவேன்னுதான் இருந்தோம். கூப்புட ஆள் வராம நம்ம புள்ளைய நாமளே கொண்டுபோய் இன்னொருத்தரு எடத்துல தள்ளுனா, ஊட்டுக்கு ஆகாதவன்னு நெனைக்க மாட்டாங்களா? அவ திங்கக்கெழமை காலையில தலைக்கு ஊத்திக்கிட்டு, துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. சோறு திங்கக் கூப்புட்டா, 'அந்த நர்ஸம்மா வந்துருவாங்க அத்தே, வந்தொடனே போகோணும்'னு தடத்தையே பாத்துட்டிருந்தா. செவ்வாக்கெழமையும் பாத்தா."

காரில் அவள் என்னிடம் கேட்க வாயெடுத்தது என்ன என்று எனக்கு அப்போது தெரிந்தது. அந்த இடத்திலேயே நான் உடைந்து அழுதேன். நாச்சம்மாள் அழவில்லை. அழுது முடியட்டும் என்று பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு பனியனை முடித்து மடித்துவைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதுவரை நீ, அம்மிணி என்று பேசிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு மிஸ் ஹெலனிடம் சொன்ன அதே மரியாதையோடு, "ஆகட்டுங்க" என்றார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் இந்த ஜில்லாவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்க முடியும்? மன்னித்தேன் என்று இருக்கலாம். கேட்டுக்கொண்டேன், நீ புறப்படு என்றும் இருக்கலாம். இன்னொரு தடவை போனால்தான் தெரியும். நாலு நாள் கழித்துப் போகலாம் என்று எண்ணிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு கிழவி பதிலுக்காகக் காத்திருக்கிறாரே. அவருக்கு ஒரு எழுத்துக்குத்தானே இடம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ஏர்லெட்டர் வாங்கி, "யெஸ்" என்று எழுதிப் போட்டேன்.

அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் தமிழில் ஒரே வார்த்தை இருந்தது. ஆமென். அந்தக் குளிர்காலத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அவருடைய சகோதரி எழுதினார்.

நாச்சம்மாள் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். பதினோரு வருஷம் என்றால் எத்தனை நாலு நாட்கள் என்று நான் கணக்குப் போட்டதில்லை. போனால், மன்னிக்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க முடியாது என்ற பயம் அதைவிடப் பெரிது. அவர் இறந்த செய்தியும் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆப்பிரிக்கா போகும் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல? அங்கேயும் உங்களுக்கு ஒரு நாக்கு தேவைப்படும், அந்த நாக்குக்கும் பயமும் பெருமையும் உண்டு என்பதை மறக்காதீர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். மற்றதெல்லாம் என்னைச் சேர்ந்தது.

பொன்னுச்சாமி இன்னும் இருக்கிறார். மெயின் ரோட்டிலேயே பெரிய கம்பெனி, பழனியம்மாள் பேரைத்தான் வைத்திருக்கிறார். என் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறேன். போர்டு பஸ்ஸிலிருந்தே தெரியும். பஸ் அங்கே நின்று, ஆள் இறக்கி, ஆள் ஏற்றிக்கொண்டுதான் புறப்படும். நான் இதுவரை இறங்கியதில்லை.